அந்நியர் தேவை: சைடு டிசைன் வேலை தேடுவது குறித்த ஓர் ஆய்வு

டிசைன் தெரிந்தவனுக்கு வெளி வேலை கிடைப்பதில்லை என்ற கூற்று தமிழ்நாட்டில் பரவலாக நம்பப்படுகிறது. இக்கட்டுரை அதை அடியோடு மறுக்கிறது. வேலை கிடைக்காத டிசைனர் என்று இங்கே ஒருவர்கூட இல்லை. லேப்டாப் வாங்கிய செய்தி தெருமுனையைத் தாண்டுவதற்குள் சித்தப்பாவின் அரிசிக் கடைக்கு விசிட்டிங் கார்டு, அத்தை மகள் வளைகாப்புக்கு வாட்ஸ்அப் பத்திரிகை, பிள்ளையார் கோவில் கமிட்டிக்கு நோட்டீஸ் என்று மூன்று வேலைகள் வீடு தேடி வந்துவிடும். ஆகவே டிசைனர் தேடுவது வேலையை என்று சொல்வது பிழை. அவர் தேடுவது கூலியை. இன்னும் நுட்பமாகச் சொன்னால், கூலி கொடுக்கக் கடமைப்பட்ட ஓர் அந்நியரை. அந்த அந்நியர் எங்கே வசிக்கிறார், எந்தப் பொழுதில் வெளியே வருகிறார், கலவரப்படுத்தாமல் அவரை எப்படி நெருங்குவது என்பனவே இவ்வாய்வின் பொருள்.

ஆய்வு எல்லை

பகலில் ஓரிடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு, இரவில் லோகோவும் பத்திரிகையும் நோட்டீஸும் செய்பவரை மட்டுமே இக்கட்டுரை 'சைடு டிசைனர்' என்று கொள்கிறது. விளம்பரக் கம்பெனியில் முழுநேரமாக இருப்பவர்களும், ஃப்ளெக்ஸ் கடையில் 'சிஸ்டத்துல உக்கார்ற தம்பி'யும் இதில் அடங்கார். அவர்களைத் தனி நூலாகத்தான் எழுத வேண்டும்.

தகவலாளர்களில் வங்கிக் கடன் பிரிவில் இருப்பவர், தனியார் பள்ளி ஓவிய ஆசிரியர், ஐ.டி. கம்பெனி டெஸ்டர், இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க் எனப் பல திறத்தாரும் உண்டு. பெயரை வெளியிட வேண்டாமென்று அனைவரும் கேட்டுக்கொண்டனர். ஆபீசுக்குத் தெரிந்துவிடும் என்பது ஒரு காரணம். மாமாவுக்குத் தெரிந்துவிடும் என்பது அதைவிட வலுவான காரணம்.

ஆபீஸ் பயம் வெறும் பிரமை என்று தள்ளிவிட முடியாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஒரு தொழிற்சாலையில் உழைத்த தொழிலாளியை அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்று 60ஆம் பிரிவில் சொன்னது. தறியையும் கொதிகலனையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. கட்டிலில் சாய்ந்தபடி காதுகுத்து விழாவுக்கு எழுத்துரு தேர்ந்தெடுப்பவன் தொழிற்சாலைக்குள் வருவானா என்பதைச் சட்ட அறிஞர்கள்தாம் சொல்ல வேண்டும். 2022இல் இந்த விவகாரம் பெரிதாக வெடித்தது. சைடு வேலை பார்ப்பது ஏமாற்று வேலை என்று விப்ரோ நிறுவனத் தலைவர் வெளிப்படையாகச் சாடினார். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாகச் சொல்லி 300 பேரை அந்நிறுவனம் வீட்டுக்கு அனுப்பியது. அதே ஆண்டு ஸ்விகி, சில நிபந்தனைகளோடு ஊழியர்கள் வெளி வேலை செய்துகொள்ளலாம் என்று அறிவித்தது. ஊர் இரண்டுபட்டது. நம் தகவலாளர்கள் இரண்டு கட்சியிலும் சேராமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'ஆபீஸ் குரூப்' தவிர மற்ற எல்லாருக்கும் தெரியும்படி செட்டிங்கை மாற்றிக்கொண்டார்கள்.

பொழுது

தமிழ் மரபில் எதை ஆராய்ந்தாலும் நிலமும் பொழுதும் முன்னே வந்து நிற்கும். சைடு டிசைனுக்கு நிலம், கட்டிலில் சார்ஜர் எட்டும் ஓரம். சிறுபொழுது, "இன்னும் தூங்கலையா?" என்று வீட்டில் முதல் முறை கேட்பதற்கும் மூன்றாம் முறை கேட்பதற்கும் இடைப்பட்டது.

பெரும்பொழுதுதான் ஆழ்ந்து கற்க வேண்டியது. தை பிறந்தால் பத்திரிகை வேலை. மாசி, பங்குனியில் கோவில் திருவிழா நோட்டீஸ். இதில் உபயதாரர் பெயர்களை எந்த அளவு எழுத்தில் போடுவது என்பதில் ஊர்ப்பகை புதைந்து கிடப்பதால் புதியவர்கள் விலகி நிற்பது நல்லது. சித்திரையில் பள்ளிக்கூட அட்மிஷன் ஃப்ளெக்ஸும் சம்மர் கிளாஸ் பிட் நோட்டீஸும். வைகாசி, ஆவணியில் மறுபடி பத்திரிகை. புரட்டாசியில் கல்யாணம் குறைவு. ஆனால் ஸ்வீட் கடைக்காரர்கள் தீபாவளி விலைப்பட்டியலைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள். மார்கழியில் ஒன்றுமே இருக்காது. டிசைனர் தம் பழைய வேலைகளை எடுத்து அடுக்கி, "போர்ட்ஃபோலியோ அப்டேட் பண்ணிட்டிருக்கேன்" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லும் மாதம் அது.

ஆடியைப் பற்றி ஒரு தவறான கருத்து நிலவுகிறது. முகூர்த்தம் இல்லாததால் ஆடியில் டிசைனருக்குப் பஞ்சம் என்பார்கள். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களைச் சிவகாசியில் வெளியிடுவது வழக்கம் என்பதை இவர்கள் கவனிப்பதில்லை. அதாவது, மளிகைக் கடைக்காரருக்கு ஜனவரி நினைவே வராத காலத்தில் பிரஸ்காரர்கள் ஜனவரிக்கு ஆர்டர் பிடிக்கிறார்கள். விவரம் தெரிந்த டிசைனர் ஆடி கடைசியில் கடைத்தெருவில் ஒரு நடை நடந்து, "அண்ணாச்சி, இந்த வருஷம் காலண்டர்ல சாமி படமா, பேரன் படமா?" என்று பேச்சைத் தொடங்குவார். டிசம்பரில் போய்க் கேட்பவருக்கு வேலை கிடைத்தாலும் பிரஸ்காரர் போனை எடுக்க மாட்டார்.

பருவம் பார்க்காமல் வருவது கண்ணீர் அஞ்சலி ஒன்றுதான். அதில் பேரமும் கிடையாது, "கலர் கொஞ்சம் தூக்கலா" என்ற திருத்தமும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் வேண்டும், பணம் கையில். ஆனாலும் இந்தத் துறையில் விருப்பத்தோடு வாடிக்கையாளர் தேடிய டிசைனர் எவரையும் களத்தில் காணவில்லை. அது தமிழ்ப் பண்பாட்டின் சிறப்பு என்று குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

உறவுத் தூரக் கோட்பாடு

இவ்வாய்வின் மையம் இதுவே. இதை ஒரு நூற்பாவாகத் தரலாம்:

அணியர் நம்புவர், அளிப்பது மறப்பர்;
சேயர் அளிப்பர், செய்வோன் அறியார்.

இதன் பொருள்: நெருங்கியவர் உன்னை நம்பி வேலையைத் தருவார், காசு தர மாட்டார். தூரத்திலிருப்பவர் காசு தருவார், ஆனால் நீ இருப்பதே அவருக்குத் தெரியாது. 'மறப்பர்' என்றது ஈண்டு மங்கல வழக்கு.

தூரம் பூச்சியமாக இருக்கும் நிலையை முதலில் காண்போம். இன்சூரன்ஸ் ஆபீஸ் தகவலாளருக்குப் பெரியப்பா மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. வாசகம் ஒரு கோடு போட்ட நோட்டுப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதப்பட்டு, டியூப்லைட் நிழலோடு போட்டோவாக வாட்ஸ்அப்பில் வந்தது. விட்டுப்போன பெயர்கள் வாய்ஸ் நோட்டில் வந்தன; பின்னணியில் குக்கர் விசில். முதல் பிரதியைக் குடும்பக் குழுவில் போட்டதும் பெரிய அத்தையின் பதில்: "தாத்தா பேருக்கு முன்னால தெய்வத்திரு எங்கடா?" சேர்த்தார். அடுத்து, மாப்பிள்ளையின் தம்பி எம்.இ. முடித்துவிட்டதாகவும் பத்திரிகையில் இன்னும் பி.இ. என்றே இருப்பதாகவும் சம்பந்தி வீட்டார் வருத்தப்பட்டார்கள். மாற்றினார். தாய்மாமன் பெயர் இரண்டாம் வரிசைக்கு இறங்கியிருந்தது அன்றிரவு கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஏற்றியதில் பிள்ளையாரின் துதிக்கை தலைப்பு வரியில் இடித்தது. "சிவப்பு இவ்வளவு வேணாம், ஆனா மங்களகரமா இருக்கணும்" என்று பெரியப்பா சொன்னார். தொழில்நுட்ப அடிப்படையில் அதற்கு விடை இல்லை. ஊதியமாக ஒரு வேட்டி சட்டையும், "எங்க வீட்டுப் பையன் பண்ணது" என்று மண்டபம் முழுக்க விளம்பரமும் கிடைத்தன. விளம்பரத்தின் பயனாக மாதம் திரும்புவதற்குள் இரண்டு பத்திரிகைகள் வந்தன. இரண்டும் சொந்தத்தில்.

தூரம் சற்றே கூடினால் நண்பன் வருகிறான். அவன் கையில் இருப்பது வருங்கால ஆர்டர் என்னும் நாணயம். "மாப்ள, இதை மட்டும் சும்மா பண்ணிக் குடு, என் முதலாளிகிட்ட பெரிய ஆர்டர் பேசிக்கிட்டிருக்கேன்." இந்த நாணயத்தை மாற்றிப் பணமாக்கித் தரும் கடை எதுவும் ஆய்வுப் பரப்புக்குள் இல்லை. பக்கத்துத் தெருக்காரர் டீயும் வடையும் தருகிறார். பக்கத்துப் பேட்டை மொபைல் கடைக்காரர் ஐந்நூறு ரூபாய் சொல்லி முந்நூறு கொடுத்து, ஒரு டெம்பர்டு கிளாஸை இலவசமாக ஒட்டி விடுகிறார். அடுத்த ஊர் மருந்துக் கடைக்காரர் பேரம் பேசி மூவாயிரம் தருகிறார். மாநிலம் தாண்டினால் இன்வாய்ஸ் கேட்கிறார்கள். கடல் தாண்டினால் டாலர். கிலோமீட்டருக்கும் ரூபாய்க்கும் இவ்வளவு ஒழுங்கான உறவு ஆட்டோ மீட்டரில்கூடக் கிடையாது.

அஃதேல், சொந்தக்காரரிடம் கறாராகக் கூலி கேட்டால் என்ன எனின், கேட்டவர்கள் உண்டு. ஓவிய ஆசிரியர் தம் மைத்துனரிடம் கேட்டார். மைத்துனர் உடனே ஜிபேயில் அனுப்பிவிட்டார். அன்று முதல் அவர் வீட்டு விசேஷங்களில் ஆசிரியரை "வாங்க" என்று மரியாதையாக அழைக்கிறார்கள். ஆசிரியரின் மனைவி இதை இன்னும் மன்னிக்கவில்லை.

சதுர அடியும் கலையும்

அணியர் காசு தராததற்கு அவர்களுடைய கஞ்சத்தனத்தைக் காரணம் காட்டுவது மேலோட்டமான பார்வை. மைத்துனர்கள் பிரியாணிக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. நோய்மூலம் வேறிடத்தில், ஃப்ளெக்ஸ் கடை வாசலில் இருக்கிறது. "டிசைன் ஃப்ரீ" என்று அங்கே ஒரு போர்டு தொங்குகிறது.

2000களில் ஃப்ளெக்ஸ் அச்சு தமிழ்நாட்டு ஊர்களுக்குப் பரவுவதற்கு முன், பேனர் என்றால் ஒரு மனிதர் சாரத்தில் ஏறித் தூரிகையால் எழுதியது. அவர் எழுதும்போது கடைக்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பெயிண்ட் டப்பாவும் வியர்வையும் கண்ணுக்குத் தெரிந்தன. எழுத்துக்குக் கூலி உண்டு என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. நாடகத் திரைச்சீலை எழுதப் போய், கோவில்பட்டியில் தங்கி, சிவகாசிக் காலண்டர்களின் வழியே வீட்டுக்கு வீடு முருகனையும் லட்சுமியையும் கொண்டு சேர்த்த சி. கொண்டையராஜு அந்த மரபில் வந்தவர். பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் ஓவியர் ஆதிமூலம் எழுதிக் கொடுத்த தலைப்பெழுத்துகளைப் பார்த்து, "இதுக்கு எதுக்குங்க தனியா காசு, பிரிண்டிங்லயே சேர்த்துக்கங்க" என்று சொல்ல நாக்கு கூசும்.

ஃப்ளெக்ஸ் வந்தபின் கணக்கு சதுர அடிக்கு மாறியது. அடிக்குப் பத்தோ பதினைந்தோ. பத்துக்கு எட்டு என்றால் எண்பது அடி. அந்த எண்பது அடிக்குள் தாய்மாமன்கள் பன்னிரண்டு பேரின் முகம், குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது, ஒருவருக்குத் தோளில் இன்னொருவர் கை மிச்சமிருக்கும், அதை அழிக்க வேண்டும். நடுவில் விழா நாயகி, பின்னால் அருவி, மேலே குலதெய்வம், ஓரத்தில் ஒரு சிங்கம். ஒரு மனிதன் ராத்திரி முழுக்கச் செய்த இந்த வேலை பில்லில் எந்த வரியிலும் வராது. துணிக்குக் காசு, மைக்குக் காசு, சட்டம் அடிக்க மரத்துக்குக் காசு, கட்டுகிற ஆளுக்குக் காசு, கயிற்றுக்குக்கூடக் காசு. டிசைன் ஃப்ரீ. எங்கும் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு மருமகன் மட்டும் ஏன் காசு கேட்கிறான் என்று மாமா திகைப்பதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. அந்த ஃப்ளெக்ஸின் கீழ் வலது மூலையில் கடையின் பெயரும் செல் நம்பரும் இருக்கும். செய்தவன் பெயர் இருக்காது. பெஹான்ஸில் அழகாக அடுக்கி வைத்த போர்ட்ஃபோலியோவைப் பார்த்து நம்மூர் ஸ்டீல் பாத்திரக் கடைக்காரர் யாரும் ஆள் பிடித்ததில்லை. எதிர்க் கடை போர்டைப் பார்த்து, "இது யாரு பண்ணது? அவனையே கூப்பிடு" என்றுதான் சொல்கிறார்கள். கூப்பிட்டால் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போகிறது போன். போர்டு போர்டாக ஊரெங்கும் தம் வேலை தொங்கிக்கொண்டிருந்தும் அநாமதேயராகவே வாழும் ஒருவருக்கு வாடிக்கையாளர் எப்படி வருவார் என்பதைப் போர்ட்ஃபோலியோ கட்சியினர் விளக்கியதில்லை.

கடல் கடந்தோர்

தூரம் கூடக் கூடக் கூலி கூடும் என்றால் ஒரேயடியாக அமெரிக்காவுக்கே போய்விடலாமே எனின், பலர் போய்ப் பார்த்தார்கள். 2010இல் ஃபைவர் என்னும் தளம், ஒரு வேலைக்கு 5 டாலர் என்ற கொள்கையோடு தொடங்கியது. ஈட்டியதில் 20 சதவீதத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஈலான்ஸும் ஓடெஸ்கும் இணைந்து 2015இல் அப்வொர்க் ஆனது. அங்கே வேலைக்கு விண்ணப்பிக்கவே 'கனெக்ட்ஸ்' என்னும் டோக்கன்களைச் செலவழிக்க வேண்டும், தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். பெண் பார்க்கப் போகும் வீட்டு வாசலில் நுழைவுச் சீட்டு வாங்குவது போன்ற ஏற்பாடு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை பத்து மணி என்றால் மதுரையில் இரவு ஏழரை, எட்டரை. ஆகவே அங்கிருந்து திருத்தம் வரத் தொடங்கும்போது நம் சிறுபொழுதும் சரியாகத் தொடங்கும். இந்தப் பொருத்தம் மட்டும் பத்துக்குப் பத்து. மற்றபடி சேயர் செய்வோனை அறியார் என்ற நூற்பா இங்கே முழு வீச்சில் செயல்படுகிறது. ஐந்து நட்சத்திரம் இல்லாதவனுக்கு வேலை இல்லை. வேலை செய்யாதவனுக்கு நட்சத்திரம் இல்லை. முதல் நட்சத்திரத்துக்காகத் துபாயில் இருக்கும் அத்தான் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, அத்தானே ஆர்டர் கொடுத்து, அத்தானே "எக்ஸலன்ட் ஒர்க்" என்று எழுதியதாக ஒரு தகவலாளர் ஒப்புக்கொண்டார். உலகச் சந்தைக்குள் நுழையவும் சொந்தக்காரர்தான் தேவைப்பட்டார் என்பதை அடிக்கோடிடுக.

போட்டி முறை என்று ஒன்றும் இருக்கிறது. நூறு பேர் செய்வார்கள், ஒருவருக்குக் காசு. இதன் உச்ச எடுத்துக்காட்டு நம்மவரே. ரூபாய்க்குக் குறியீடு வேண்டுமென்று நடுவணரசு நடத்திய போட்டிக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. 2010 ஜூலையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த த. உதயகுமாரின் வடிவம் ஏற்கப்பட்டு, இரண்டரை லட்சம் ரூபாய் பரிசு கிடைத்தது. நாட்டின் எல்லா விலைப்பட்டியலிலும் நிற்கும் ஒரு கோட்டுக்கு அது நல்ல கூலியா என்று விவாதிப்பவர்கள், 1971இல் போர்ட்லேண்டில் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி நைக்கின் சின்னத்தை வரைந்து 35 டாலர் வாங்கியதையும், 1970களில் மில்டன் கிளேசர் நியூயார்க்கின் மீதான காதலைச் சிவப்பு இதயம் போட்டு வரைந்து கொடுத்துவிட்டுக் காசே வாங்காததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டேவிட்சனுக்குப் பல ஆண்டுகள் கழித்து நிறுவனம் பங்குகளும் வைர மோதிரமும் கொடுத்தது. வருங்கால ஆர்டர் நாணயம் செல்லுபடியானதற்கு உலக வரலாற்றில் கிடைத்துள்ள சான்று இதுதான். நண்பர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

இடையில் ஒரு குறிப்பு: கேன்வா 2013இல் வந்தபோதும், ஏ.ஐ. படங்கள் வந்தபோதும் சைடு டிசைனர் ஒழிந்தார் என்று கூறினர். தமிழ் எழுத்து அவரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஏ.ஐ.யில் செய்த ஜிகர்தண்டா கடைப் படத்தில் எல்லாம் பிரமாதமாக இருக்கும், பெயர்ப்பலகை எழுத்து மட்டும் பல நேரம் எந்த நாட்டு மொழியிலும் சேராது. "தம்பி, படம் நானே பண்ணிட்டேன், எழுத்தை மட்டும் சரி பண்ணிக் குடு" என்று வருகிறார்கள். பழைய கோரல்டிராவில் யூனிகோடு வாசகத்தை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். பாமினியில் அடித்த கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' நடுவில் அரைப்புள்ளியோடு நாலைந்து ஆங்கில எழுத்தாகக் கிடப்பாள். இவற்றைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு எந்த ஊரிலும் ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும். காசு வருமா என்பது, முன்சொன்னபடி, தூரத்தைப் பொறுத்தது.

இடைநின்றார்

ஆக, நம்புகிறவர் காசு தராமலும், காசு தருகிறவர் நம்பாமலும் இருக்கும் நிலையில் டிசைனர் எவ்வாறு பிழைக்கிறார்? களத்தில் தொடர்ந்து வேலையும் கூலியும் பெற்றுவரும் சிலரைக் கூர்ந்து பார்த்தபோது, அவர்களில் எவரும் வாடிக்கையாளரைத் தாமாகத் தேடவில்லை என்பது தெரிந்தது. ஓர் இடைநிலை மனிதரைப் பிடித்திருந்தார்கள். தமக்கு அறிமுகமானவராகவும் ஊராருக்குத் தொழில்முறையில் வேண்டியவராகவும் அவர் இருந்தார்.

பிரஸ்காரர் இவ்வகையில் முதல்வர். சின்ன ஊர் பிரஸ்களில் முழுநேர டிசைனர் வைத்துக் கட்டுப்படியாகாது. இருக்கும் ஒரு தம்பி முகூர்த்த நாள்களில் திணறுவான். மிஞ்சுவதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் தேவை. கல்யாண போட்டோகிராபர் அடுத்தவர்: ஆல்பம் அடுக்கும் வேலை முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மலைபோல் குவியும், அவருக்கு போட்டோ எடுக்கத்தான் பிடிக்கும்.

ஆனால் இவர்களையெல்லாம்விட மேலானவராக இவ்வாய்வு கண்டடைந்தவர் ஆடிட்டர். இதை இதற்கு முன் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருவர் புதிதாகப் பேக்கரி தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடம் பிடித்த கையோடு அவர் போவது ஆடிட்டரிடம்தான், ஜி.எஸ்.டி. பதிவு, உணவு லைசென்ஸ், வங்கியில் கரண்ட் அக்கவுண்ட். அந்தக் கணத்தில் அவரிடம் கடைக்குப் பெயர் இருக்கிறது, லோகோ இல்லை. போர்டு இல்லை, பில் புக் இல்லை, லெட்டர்பேடு இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், கையில் லோன் பணம் இன்னும் இருக்கிறது. பணத்தைச் செலவழிக்கும் மனநிலையில் மனிதன் மிக மென்மையாக இருக்கும் காலம் அது. கடை திறந்து ஆறு மாதம் கழித்து அவரைச் சந்திக்கும் டிசைனர் வேறொரு மனிதரைச் சந்திக்கிறார். "பையன் ஒருத்தன் இருக்கான், நீட்டா பண்ணுவான்" என்று ஆடிட்டர் சொல்லும் ஒரு வரி, பெஹான்ஸில் பத்தாயிரம் பேர் போடும் லைக்கைவிடக் கனமானது. ஆடிட்டர் சொன்ன ஆளிடம் பேரம் பேசினால் நம் நிலவரம் ஆடிட்டருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் பேக்கரிக்காரருக்கு உண்டு.

டெஸ்டர் தகவலாளர் இதை ஏறக்குறைய ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஆடிட்டர் ஆபீஸ் வாசல் பக்கமே போக மாட்டார், அது ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நெரிசல். ஆகஸ்டு முதல் வாரத்தில் தம் ரிட்டர்னைப் பற்றிச் சந்தேகம் கேட்பதுபோல் போய் உட்காருவார். அவருக்குச் சந்தேகமே கிடையாது. மேசைமேல் புதிதாக என்னென்ன ஃபைல் முளைத்திருக்கிறது என்று பார்க்கத்தான்.

அட்வான்ஸ் பற்றிச் சில சொல் சொல்ல வேண்டும். பாதிப் பணம் முன்னால் என்பது எல்லா நாட்டு வழக்கம். தமிழ்நாட்டில் அதைக் கேட்க முடியாமல் தடுத்துவந்தது கூச்சம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று நம் வாயாலேயே சொல்லிவிடுவோம். 2016இல் யு.பி.ஐ. வந்தபின் இது சற்று மாறியிருக்கிறது. கையை நீட்டக் கூச்சப்படுகிறவர்கள் க்யூ.ஆர். கோடு அனுப்பக் கூச்சப்படுவதில்லை. அதைத் தாமே அழகாக டிசைன் செய்தும் அனுப்புகிறார்கள். அட்வான்ஸ் கொடுத்தவர் திருத்தம் குறைவாகச் சொல்கிறார் என்பது தகவலாளர் அனைவரும் உடன்பட்ட ஒரே செய்தி. இலவசமாகப் பெற்றவரே இருபது தடவை மாற்றச் சொல்கிறார். ஜி.எஸ்.டி. பதிவுக்கான 20 லட்ச ரூபாய் வரம்பைப் பற்றியும் இங்கே எழுத உத்தேசித்திருந்தோம். அவ்வரம்பை எட்டியவர் எவரும் ஆய்வுப் பரப்பில் தட்டுப்படாமையால் அப்பகுதி கைவிடப்பட்டது.

தீராத ஐயம்

கோட்பாட்டுக்குள் அடங்காத ஒரு நேர்வு உண்டு. அதை மறைப்பது ஆய்வறத்துக்கு ஒவ்வாது.

வங்கித் தகவலாளருக்கு ஒரு ஜவுளிக்கடை முதலாளி வாடிக்கையாளர். ஆடிட்டர் வழியே வந்தவர், அடுத்த ஊர், எந்த வழியிலும் உறவில்லை. இலக்கணப்படி அமைந்த அந்நியர். ஆடித் தள்ளுபடி நோட்டீஸ், தீபாவளி ஃப்ளெக்ஸ், கட்டைப்பை, காலண்டர் என்று ஆண்டு முழுவதும் வேலை; பாதி அட்வான்ஸ், மீதி டெலிவரி அன்று. மூன்றாம் ஆண்டில் அவர், பையன் நிதானமானவன், கேட்ட தேதிக்குக் கொடுக்கிறான், குரல் உயர்த்திப் பேசியதில்லை என்பனவற்றைக் கவனித்து, ஆடிட்டரை விட்டே ஜாதகம் கேட்டார். பொருந்திவிட்டது.

தூரம் ஒரே நாளில் பூச்சியமானால் நிலுவையில் இருக்கும் இன்வாய்ஸ் என்னாகும் என்பதற்குக் கோட்பாட்டில் விடை இல்லை. தகவலாளர் பெண் வீட்டாரைக் கேட்கவும் முடியாமல், விடவும் முடியாமல் அந்த பி.டி.எஃப்.பை இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறார். தை மாதம் கல்யாணம், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பூக்காரர், சமையல்காரர், நாதஸ்வரம், போட்டோகிராபர் எல்லாருக்கும் தாம்பூலம் வைத்துப் பணம் கொடுத்தார் முதலாளி. பத்திரிகையை யார் டிசைன் செய்வது என்று மட்டும் இரு வீட்டிலும் ஒருவரும் கேட்கவில்லை.